சாவிக்காரி கதையின் முடிவு

பெலெனடெட்டேயின் மகன் பிரிஸ்பேனில் இருக்கிறான். அன்னையர் தினத்துக்கு ஊரில் மற்ற மகன்களெல்லாம் அம்மாவுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தார்கள். அவன் ஒரு பேய்த் தொடரை அனுப்பி வைத்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "அம்மா பாசத்தப் பத்தின தொடராம், பாத்தவங்கல்லாம் அழறாங்களாம், எங்கம்மாகிட்ட குடுத்துருங்க" என்று சொல்லியிருக்கிறான். பாசம் இருந்தது. அழுகையும் இருந்தது. கூடவே சுவருக்குள்ளிருந்து யாரோ நகத்தால் பிறாண்டும் சத்தமும் இருந்தது. அதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

உப்போலுத் தீவில் இருக்கும் எங்கள் ஊரில் பெரிய டிவி பெலெனடெட்டே வீட்டில்தான். ஊரில் பாதிப் பேருக்குத் தூணும் கூரையும்தான் வீடு. அவளுக்குச் சுவரும் கதவும் பூட்டும் உண்டு. புதன்கிழமை மத்தியானம் மாதர் சங்கத்துப் பெண்கள் அங்கே கூடித் தாழை மடலில் பாய் முடைவார்கள். முன்பெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே முடைந்தார்கள். டிவி வந்தபின் பாட்டு நின்றது. பாய் வளர்வதும் ஏறக்குறைய நின்றது.

பெலெனடெட்டேயின் நாத்தனார் இயனெட்டா எப்போதும் எல்லோருக்கும் பின்னால், வாசற்படி ஓரமாக உட்காருவாள். வாழைப்பழம் பிசைந்த மாவை உருட்டி எண்ணெயில் பொரித்துப் பனிகேக்கே போடுவது அவள் பிழைப்பு. காலையில் பள்ளிக்கூட வாசலில் விற்பாள். புதன்கிழமைகளில் ஒரு கூடை நிறைய இங்கே கொண்டுவந்து வைப்பாள். கூடை காலியாகும்வரை அவளைப் புகழ்வார்கள். காலியான பிறகு அவள் அங்கே இருப்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவளுக்கும் அதுதான் வசதி. வாயைத் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்த்தால் அவளுக்கு வியர்த்துவிடும்.

அவள் வாழ்க்கைப்பட்டது எதிர்த் தீவான சவாயியில். புருஷன் தவீட்டா வேறொருத்தியைத் தேடிக்கொண்டபோது, அண்ணன் மாட்டாயோ படகேறிப் போய்ச் சகல மரியாதையோடும் தங்கையைக் கூட்டி வந்தான். எங்கள் பக்கம் கூடப்பிறந்தவள் என்றால் கண்ணின் மணி. அவளுக்காக அண்ணன் உயிரையும் கொடுப்பான். மாட்டாயோ கொடுத்தது சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு. உயிரை இயனெட்டாவும் கேட்கவில்லை.

பெட்டி, பாய், தையல் மெஷின் எல்லாம் அவளோடு படகில் வந்தன. லாங்கி மட்டும் வரவில்லை. லாங்கி அவளுடைய ஒரே மகள். நடக்கவும் ஓடவும் எதிர்த்துப் பேசவும் கற்றுக்கொண்ட வயதில் ஒரு காய்ச்சலில் போனாள். தவீட்டா வீட்டு வாசலில்தான் படுத்திருக்கிறாள். கல்லறையைப் பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டுவர முடியாதே.

தொடருக்கு வருவோம்.

ஒரு வெள்ளைக்காரி. பிரம்மாண்டமான வீடு. கதை தொடங்கும் முன்பே அவள் குழந்தை இறந்துவிட்டது. குழந்தையின் அறையைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் வீடு முழுக்க நடக்கிறாள். நடக்கிறாள். நடந்துகொண்டே இருக்கிறாள். அவளுக்கு ஏதோ ஒரு பேர் இருந்தது, யார் நாக்கிலும் நிற்கவில்லை. சாவிக்காரி என்று வைத்துவிட்டார்கள்.

"இந்த வீட்டுல எத்தன பேரு இருக்காங்க?" என்றாள் பக்கத்து வீட்டுச் சூலியா. ஊரிலேயே பெரிய உடம்பும் அதைவிடப் பெரிய வாயும் அவளுக்குத்தான்.

"புருஷனும் பொண்டாட்டியும். ரெண்டே பேரு."

"ரெண்டு பேருக்கு இத்தன ரூமா? அப்ப பேய் வரத்தான் செய்யும். எடம் சும்மா கெடந்தா யாராச்சும் வந்து தங்கத்தானே பாப்பாங்க?"

சாவிக்காரி மாடிப்படி ஏறினாள். ஒரு படி. நின்று மூச்சு விட்டாள். இன்னொரு படி.

"இவ மேல போறதுக்குள்ள நான் ஒரு சாண் முடைஞ்சிட்டேன்டி."

"உஷ்! பயமா இருக்கணும்னுதான் மெதுவா எடுத்திருக்காங்க" என்றாள் போதகரம்மா. பேய்ப் படம் பார்ப்பது பாவம் என்பது அவள் கட்சி. மற்றவர்கள் பாவத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளத்தான் வந்ததாகச் சொல்லி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

இருட்டுகிற நேரத்தில் சாவிக்காரி தலையை விரித்துப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் கூட்டம் முதல்முறையாகப் பதறியது.

"அடிப்பாவி! முடிய அள்ளி முடி! வெளக்கு வைக்கற நேரத்துல தலைய விரிச்சுப் போட்டா ஆவி வராம ஆசீர்வாதமா வரும்?"

"அவங்கம்மா ஒண்ணும் சொல்லிக் குடுக்கலையா?"

"பிள்ளைய எங்க பொதச்சாங்களாம்?"

"ஊருக்கு வெளிய. கார்ல போனாங்களே, பாக்கல?"

சூலியா மடலைக் கீழே வைத்தாள். "ஏன், வாசல்ல எடமில்லையா? எம்மாம் பெரிய புல்லுத்தரை கெடக்கு! புல்லுக்கு விட்ட எடத்த பெத்த பிள்ளைக்கு விடல பாரு. வாசல்ல படுக்க வச்சிருந்தா அது எதுக்கு செவுத்துக்குள்ள வந்து பொறாண்டப் போவுது?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். எங்கள் ஊரில் அவரவர் செத்தவர்கள் அவரவர் வாசலில்தான். சூலியா தன் அப்பாவின் கல்லறைமேல் உட்கார்ந்துதான் சீட்டு விளையாடுவாள். தோற்றால் அவரைத்தான் திட்டுவாள். ஆக, அந்தத் தொடரின் மர்மம் முதல் பாகத்திலேயே தீர்ந்துவிட்டது. மீதியை மரியாதைக்காகப் பார்த்தார்கள்.

சூலியா சொன்னது சரிதான் என்று இயனெட்டாவும் நினைத்தாள். வாசலில் வைத்துவிட்டு வாசலையே விட்டு வந்தவளுக்கு என்ன கதி என்று தொடரிலும் சொல்லவில்லை, சூலியாவும் சொல்லவில்லை.

சில வருஷங்களுக்கு முன் சவாயிக்கு ஒரு சாவுக்குப் போய் வந்த ஒருத்தி பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். "தவீட்டாவோட புதுப் பொண்டாட்டி அகெனெசே இருக்காளே, கெட்டிக்காரி. வாசல்ல இருக்கற சின்னக் கல்லறை மேல துணி காயப் போட்டிருந்தா. சிமெண்ட்டு சூட்டுல நல்லாக் காயுமில்ல." கல்லறைமேல் துணி காயப்போடுவதில் எங்கள் பக்கம் எந்தத் தப்பும் இல்லை. எல்லோரும் செய்வதுதான். ஆனால் யார் கல்லறைமேல் யார் துணி என்று ஒன்று இருக்கிறதல்லவா? அந்தப் பேச்சு மீன் முள்ளாக இயனெட்டாவின் தொண்டையில் நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஒரே ஒரு தடவை போய் அந்தக் கல்லறைமேல் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் அதற்கு இன்னொருத்தி வாசலில் போய் நின்று, உட்காரட்டுமா என்று கேட்க வேண்டும். கேட்பது அவளுக்கு வராது. ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். கடல் சரியில்லை. மாவு விலை ஏறிவிட்டது. எண்ணெய்ச் சட்டி ஓட்டையாகிவிட்டது. படகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். காரணங்கள் அதைவிட நீளமாக ஓடின.

தொடர் மெதுவாக நகர்ந்தது. ஊர் அதைவிட மெதுவாகப் பார்த்தது. ஒரு வாரம் சாவு, ஒரு வாரம் பாடகர் குழுப் பயிற்சி, ஒரு வாரம் மின்சாரம் இல்லை. மே மாதம் ஆரம்பித்தது செப்டம்பர் தாண்டியும் இழுத்தது. இதற்குள் அந்தப் பென் டிரைவைப் பாதித் தீவு நகல் எடுத்திருந்தது. சூலியாவின் அக்கா மகன் ஒரு நகலைச் சவாயிக்கே கொண்டுபோய்விட்டான். இங்கே சளியானாலும் வதந்தியானாலும் படகில்தான் பரவும்.

ஒரு புதன்கிழமை, சாவிக்காரியின் புருஷன் அவளை உட்கார வைத்துப் பேசினான். நீளமான பேச்சு. பெலெனடெட்டே சின்ன வயதில் அமெரிக்காக்காரர்கள் ஆளும் பாகோ பாகோவில் மீன் டப்பா அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவள். அதனால் இங்கிலீஷ் அவள் சொத்து. மற்றவர்களுக்கும் ஓரளவு புரியும். ஆனாலும் அவள்தான் மொழிபெயர்ப்பாள், மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புருஷன் கடைசியில் கண் கலங்கி, "மூவ் ஆன்" என்றான்.

"என்ன சொல்றான்?"

"வீடு மாறிப் போயிரலாங்கறான்" என்றாள் பெலெனடெட்டே.

"அதானே பாத்தேன்! நல்ல புத்தி இப்பத்தான் வந்திருக்கு. போகட்டும், சின்ன வீடா பாத்து."

"பிள்ளைய என்ன பண்ணுவாங்க?" என்றாள் சூலியா. "எங்கயோ ஊருக்கு வெளிய கெடக்கு. இவளும் போயிட்டா அத யாரு பாத்துக்கறது? பெத்தவ பிள்ளைய வுட்டுட்டு வேற வூடு போவாளா? மனுஷியா அவ?"

எல்லா விரல்களும் ஒரே நேரத்தில் நின்றன. அத்தனை மாதமாகச் சுவர் பிறாண்டியும் கண்ணாடி உடைந்தும் கத்தி பறந்தும் ஒரு விரல்கூட நிற்காத கூட்டம் அது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருக்க எல்லோரும் பட்ட பாட்டில், பின்னால் உட்கார்ந்திருந்த இயனெட்டாவுக்கு எல்லாருடைய பிடரியும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது.

"பனிகேக்கே எடுத்துக்கங்க, ஆறிப் போவுது" என்றாள் பெலெனடெட்டே அவசரமாக. கூடை முன்பே காலியாகியிருந்தது.

போதகரம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு மனசுல ஜெபம் இல்ல. அதான் பிரச்சன." இது எந்தப் பிரச்சினைக்கும் பொருந்தும் மருந்து. எல்லோரும் நன்றியோடு தலையாட்டினார்கள்.

இயனெட்டா திரும்பி வந்த நாளிலிருந்து இந்த ஊரில் ஒருவரும் லாங்கி பேரைச் சொன்னதில்லை. அவள் மனம் நோகுமாம். அவள் கண்ணெதிரே எந்தக் குழந்தையையும் அளவுக்கு மேல் கொஞ்சுவதில்லை. அவ்வளவு கவனம், அவ்வளவு அன்பு. அந்த அன்பு லாங்கியை நாளுக்கு நாள் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தது. சாய்ப்பில் தனியாக இருக்கும்போது இயனெட்டா அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள், கெட்டுப் போய்விட்டதா என்று பாலை முகர்ந்து பார்ப்பதுபோல.

கடைசிப் பாகம் அக்டோபரில் வந்தது, பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிறுக்கு முந்திய புதன்கிழமை. பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை தைக்கும் வாரம். ஆனாலும் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்துவிட்டாள். சாவிக்காரி கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினாள். கதவருகே போனாள். வழக்கம்போல் போவதற்கே ஒரு யுகம் ஆனது. சாவியைப் பூட்டில் நுழைத்தாள். திருகினாள்.

வெளியே சங்கு ஊதியது.

மாலை ஜெபத்துக்கான சங்கு. அது ஊதினால் ஊரில் நடக்கிறவன் நிற்க வேண்டும், பேசுகிறவன் வாயை மூட வேண்டும். பெலெனடெட்டே டிவியை அணைத்தாள். எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மாட்டாயோ வந்து ஜெபத்தைத் தொடங்கினான். மழைக்காகவும் மகனுக்காகவும் பன்றிகளுக்காகவும் வேண்டிக்கொண்டான். அரசாங்கத்துக்காக வேண்டிக்கொண்டான். பெண்கள் அவ்வளவு பேரும் கண்ணை இறுக மூடி ஒருமுகமாக வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இவன் ஆமென் சொல்ல வேண்டும்.

சொன்னான். டிவி திரும்ப வந்தது. கதவு திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. விரிப்பு மடிப்புக் கலையாத ஒரு சின்னக் கட்டில். சாவிக்காரி அதில் சுருண்டு படுத்துக்கொண்டாள். கதவு தானாக மெல்லச் சாத்திக்கொண்டது. எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

"இவ்ளோதானா?" என்றாள் சூலியா. "அஞ்சு மாசமா ஒரு கட்டிலக் காட்டறதுக்கா இழுத்தானுங்க?"

"எம் மகனக் கூப்பிட்டுக் கேக்கறேன் இரு" என்றாள் பெலெனடெட்டே, அவனே எடுத்த தொடர்போல.

"அவ ஏன் வெளிய வரல?"

பின்னாலிருந்து வந்த குரல் யாருடையது என்று சட்டென்று யாருக்கும் பிடிபடவில்லை. அவ்வளவு பழக்கமில்லாத குரல்.

இயனெட்டாவுக்கு வியர்த்தது. இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டாள். "பூட்டு தொறந்துதானே இருந்துச்சு. சாவியும் அவகிட்டதான் இருந்துச்சு. வர வேண்டியதுதானே?"

"வந்துட்டா கத முடிஞ்சிருமேடி" என்றாள் சூலியா, சிரிக்காமல்.

மறுநாள் காலையில் இயனெட்டா பனிகேக்கே போட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கூடையைத் துணியால் மூடிக்கட்டினாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"சவாயிக்கு, அண்ணி."

பெலெனடெட்டேயின் முகத்தில் வந்தது கவலையா, காலை வியாபாரமா என்று சொல்ல முடியாது. "இன்னிக்குக் கடல் கொந்தளிப்பா இருக்காமே."

"நான் என்ன நீந்தியா போறேன்?"

இத்தனை வருஷத்தில் நாத்தனார் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. பெலெனடெட்டே அதை ஊர் முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் படகு பாதிக் கடலைத் தாண்டியிருந்தது.

சவாயித் துறையில் இறங்கிப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் வழக்கம்போல் இடம் இல்லை, வழக்கம்போல் எல்லோருக்கும் இடம் கிடைத்தது. யாரோ ஒருத்தி தன் பிள்ளையைக் கேட்காமலே தூக்கி இயனெட்டாவின் மடியில் வைத்தாள். பிள்ளை அவள் தோளில் சாய்ந்து தூங்கியது. இறங்கும் இடம் வந்தபோது அதை இன்னொரு மடிக்கு மாற்றிவிட்டு இறங்கினாள்.

தவீட்டா நியூசிலாந்தில் ஆப்பிள் தோட்ட வேலையில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்தளவு தைரியத்தைத்தான் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். ரோட்டில் நின்றபடியே பார்த்தாள். வாசலில் இரண்டு கல்லறைகள். ஒன்று பெரியது, ஓடு பதித்து, பிளாஸ்டிக் பூ வைத்து: மாமியார். உயிரோடிருந்தபோது மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார இடம் கொடுக்காதவள், இப்போது பேத்திக்குப் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாள். மற்றது சின்னது. அதன்மேல் ஒரு இடம் விடாமல் ஈரத் துணி.

பெரிய கல்லறை வெயிலில் சும்மா காய்ந்துகொண்டிருந்தது. இயனெட்டாவுக்குத் தொண்டை முள் அசைந்தது.

"யாரு அங்க வெயில்ல நிக்கறது?" வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் இடுப்புத் துணியை அவசரமாகச் சரிசெய்துகொண்டு வந்தாள். "இயனெட்டா அக்காவா? வாங்க, உள்ள வாங்க. அவரு இல்லையே."

"அவரப் பாக்க வரல."

"அதுவும் நல்லதுதான். பாக்கற மாதிரியும் இல்ல" என்றாள் அகெனெசே.

இயனெட்டா கூடையை அவள் கையில் கொடுத்தாள். படகிலும் பஸ்ஸிலும் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. மிஞ்சியது முள் மட்டும்தான். அதைத் துப்பினாள். "பெரிய கல்லறை சும்மாதானே இருக்கு? துணிய அதுல போடக் கூடாதா?"

"அத்தை மேலயா?" அகெனெசே பதறிவிட்டாள். "நீங்களே சொல்லுங்கக்கா. உசுரோட இருந்தப்ப ஒரு மடிப்பு சரியில்லன்னா நாள் பூரா பேசுவாங்க. ஈரத் துணியப் போட்டா சும்மா இருப்பாங்களா? எழுந்து வந்துருவாங்க!"

இயனெட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில், வரக்கூடாத ஆளோடு. அந்த மாமியாரைப் பற்றி அவள் யாரோடும் பேச முடிந்ததே இல்லை. உலகத்தில் அது புரியக்கூடிய இன்னொருத்தி இவள்தான்.

"லாங்கி ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றாள் அகெனெசே.

அவ்வளவு சுலபமாக. உப்பு எடு, தண்ணி எடு என்பதுபோல.

"தெனமும் இவ பேருதான் வீட்டுல. பிள்ளைங்களுக்குள்ள சண்ட வந்தா எங்கிட்ட வராதுங்க, லாங்கியக்காகிட்ட போய்ச் சொல்லும்ங்க. சின்னவன் இவ மேல உக்காந்துதான் எழுத்துக் கத்துக்கிட்டான். பாருங்க, கிறுக்கி வச்சிருக்கான். சுண்ணாம்பு அடிச்சும் போகல." துணி ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். கரியில் கோணல் எழுத்துகள். "கலர்த் துணியெல்லாம் கொடியிலதான். வெள்ளைத் துணி மட்டும்தான் இவ மேல. வெள்ளை ஞாயித்துக்குத் தச்சது. எல்லாப் பிள்ளைங்களும் புதுசு போடுதுங்க, இவளுக்கு மட்டும் இல்லையேன்னு... ஒரு மத்தியானமாவது மேல கெடக்கட்டுமேன்னுதான். உங்களுக்குப் பிடிக்கலேன்னா எடுத்துர்றேன்."

"கெடக்கட்டும்" என்றாள் இயனெட்டா. "ஒரு ஓரமா உக்காந்துக்கவா?"

"இதென்ன கேள்வி?" அகெனெசே இரண்டு சட்டைகளை நகர்த்தினாள்.

சிமெண்ட் சுட்டது. இயனெட்டா உட்கார்ந்தாள். அகெனெசே கூடையைத் திறந்து, ஒரு பனிகேக்கேயை எடுத்துக்கொண்டு, தானும் எதிரே தரையில் அமர்ந்தாள். கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு குனிந்து, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அக்கா, உங்க ஊருலேருந்துதானே அந்தத் தொடரு வந்துச்சு? கழுத்துல சாவி மாட்டிக்கிட்டு ஒருத்தி நடந்துக்கிட்டே இருப்பாளே? எங்களுக்கு வந்ததுல கடைசிப் பாகம் இல்ல. நகல் எடுக்கறப்ப கரண்ட்டு போயிருச்சாம். ஊரே தவிச்சுக்கிட்டு இருக்கு. என்னதான் ஆச்சு? கதவத் தொறந்தாளா?"

"தொறந்தா."

"உள்ள என்ன?"

"கட்டில்."

"அவ்ளோதானா?"

இயனெட்டா பக்கத்தில் கிடந்த சின்னச் சட்டையின் கையை நீவிவிட்டாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருத்தி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்க்கவில்லை.

"அவ அந்தக் கட்டில வெளிய இழுத்துட்டு வந்துட்டா. மாடிப்படியில ஒவ்வொரு படியா எறக்கி, வாசல்ல அந்தப் புல்லுத்தரையில கொண்டாந்து போட்டா. தெருவுல போனவங்கல்லாம் வந்து அதுல உக்காந்தாங்க. துணி காயப் போட்டாங்க. பிள்ளைங்க ஏறிக் குதிச்சுதுங்க."

அகெனெசே கண்ணைச் சுருக்கினாள். "வெள்ளைக்காரங்க அப்படியெல்லாம் எடுப்பாங்களா?"

"கடைசிப் பாகத்துல திருந்திட்டாங்க."

"பேயி?"

"அதுக்கப்புறம் எதுக்கு வருது?"

அகெனெசே திருப்தியாக இன்னொரு பனிகேக்கேயை எடுத்தாள். "பரவால்ல. அவ்ளோ நாள் இழுத்ததுக்கு நல்ல முடிவுதான்." சாயங்காலத்துக்குள் இது ஊர் முழுக்கப் போய்விடும், அடுத்த படகில் உப்போலுவுக்கும் போய்விடும், சூலியா தலையில் அடித்துக்கொள்வாள் என்று இயனெட்டாவுக்குத் தெரியும்.

"மத்தியானப் படகுக்கு நேரமாச்சேக்கா."

"போகட்டும். அடுத்தது வரும்."

"அப்ப சும்மா உக்காராதீங்க" என்றாள் அகெனெசே. "அந்தச் சட்டைக்கு இந்தப் பக்கம் காஞ்சிருச்சு. திருப்பிப் போடுங்க."

இயனெட்டா சட்டையை எடுத்து உதறினாள். லாங்கிமேல் திருப்பிப் போட்டாள்.